அக்காவின் காதில் ஒரு பின்லாந்துப் படம்

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடை வாசலில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அக்கா அதைக் கேட்டாள். சனிக்கிழமை பின்னேரம், சனம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிற நேரம். அந்த இடத்தில் வைத்துக் கேட்கிற கேள்வியா அது?

"அண்டைக்கு ஒரு நாள் மட்டும் வேட்டியைக் கட்டிக்கொண்டு வாவன். மாமன் எண்டு நீ ஒராள்தானே இருக்கிறாய்."

அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு வைத்திருந்தார்கள். பிள்ளை பெரியவளாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் இஞ்சை மண்டபம் கிடைக்கிற நாளில்தானே சடங்கு. எங்கள் பழக்கத்தில், பெண்கள் சோடியாக நின்று திரி ஏற்றிய ஆலாத்தித் தட்டைப் பிள்ளைக்குச் சுற்ற முன், தாய்மாமன் தேங்காய் உடைத்துத்தான் காரியம் தொடங்கும். அக்காவோடு கூடப்பிறந்தது நான் ஒருத்திதான். பிறந்தபோது என்னைத் தம்பி என்றார்கள். முப்பத்தைந்து வயது வரைக்கும் நானும் அப்படியே இருந்து பார்த்தேன், முடியவில்லை. இப்போது நான் நானாக வாழத் தொடங்கி ஏழு வருடம். மெரி என்கிற நகரசபையிலும் நீதிமன்றத்திலும் கடதாசி கொடுத்துப் பெயரை மாற்றினேன், அடையாள அட்டையில் பெண் என்று வந்தது. பிரெஞ்சு அரசாங்கத்துக்கு விளங்கின விசயம் என் அக்காவுக்கு விளங்கவில்லை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கையில் இருந்த கத்தரிக்காயைப் பெட்டிக்குள் திரும்ப எறிந்தேன். உள்ளே நின்ற கடைக்காரர் என்னை எட்டிப் பார்த்து, "அக்கா, மெல்லமாப் போடுங்கோ, கண்டிப்போகும்" என்றார்.

"கேட்டியளே," என்று நான் அக்காவைப் பார்த்தேன். "கத்தரிக்காய் விக்கிறவருக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியேல்லை."

"சத்தம் போடாதை. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். நான் வந்தால் சேலையோடைதான் வருவன். இல்லாட்டி வரமாட்டன்."

"அப்ப வராதை," என்றாள் அக்கா. தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு கார் து நோர் ரயில் நிலையப் பக்கமாக நடந்துவிட்டாள். அவள் எனக்காகச் சமைத்துக் கொண்டுவந்த மீன்குழம்பு அந்த வண்டிக்குள்ளேயே போனது.

எங்கள் உறவு ஏழு வருடமாகத் தெருவில்தான் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். பாரிசுக்கு வெளியே சென் தெனியில் அக்காவின் வீடு. பத்தொன்பது வயதில் நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது என்னை ஏற்றுக்கொண்ட வீடு அது. அந்த வீட்டு வரவேற்பறையில் படுத்துத்தான் பிரெஞ்சு படித்தேன். மருமகள், அக்காவின் மகள், பிறந்தபோது அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிக்க வார்த்தது நான்தான். நான் சேலை கட்டத் தொடங்கிய பிறகு அந்த வாசல் எனக்கு மூடப்பட்டுவிட்டது. அத்தானுடைய ஆட்கள் என்ன சொல்லுவார்கள் என்ற பயம் அக்காவுக்கு. ஆனாலும் அவளால் என்னை ஒரேயடியாக விடவும் முடியவில்லை. சனிக்கிழமைகளில் சாமான் வாங்குகிற சாட்டில் ரயிலேறி வருவாள். ஐஸ்கிரீம் டப்பாவில் சாப்பாடு கொண்டுவருவாள். லாச்சப்பல் கடைத்தெருவில் இரண்டு கடை ஏறி இறங்குவோம். அவ்வளவுதான் எங்கள் குடும்பம். மருமகள் மட்டும் ஒருநாளும் அந்தப் பயத்துக்குள் போகவில்லை. ஏழு வயதில் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப இனி சித்தி," என்றாள். பிறகு சித்திதான்.

அக்கா வேட்டி கட்டச் சொன்னதும் நான் மாட்டேன் என்றதும் அவள் காதுக்கும் போயிற்று. பெட்டைக்கு என்னுடைய வாய். பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு பின்லாந்துப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்களாம், ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிற ஒருத்தியின் கதை. அம்மா அந்தப் படத்தைச் சித்திக்குப் பக்கத்தில் இருந்து முழுக்கப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் சேலை கட்டவும் மாட்டேன், மேடையில் ஏறவும் மாட்டேன் என்று தாய்க்குப் பிரெஞ்சில் சொல்லிவிட்டாள். மண்டபம் சொல்லியாயிற்று, வீடியோக்காரருக்குச் சொல்லியாயிற்று, மேக்கப் போட லண்டனில் இருந்து ஒருத்தி வருகிறாள். அக்கா பாவம், எந்தப் பக்கம் திரும்புவாள்?

"இவளுக்கு நீதான் ஓதிக் குடுத்தனி," என்று எனக்குப் போன் எடுத்துப் பாய்ந்தாள்.

"நான் அந்தப் படத்தை இன்னும் கண்ணாலையே காணேல்லை."

"எங்கை ஓடுது?"

"உங்கடை வீட்டுக்குப் பக்கத்திலைதான். ஞாயிற்றுக்கிழமை மூண்டு மணிக்கு."

அந்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் சென் தெனியில் ஒரு சின்னத் திரையரங்குக்குள் போய் இருந்தோம். மருமகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அக்கா. அக்கா கடைசியாகத் தியேட்டருக்குப் போனது ஒரு தமிழ்ப் படத்துக்கு, அதுவும் இடைவேளையோடு எழும்பி வந்தவள். குளிர்கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டொக்டர் ரெண்டேவூவுக்குக் கூப்பிடும்வரை காத்திருக்கிற மாதிரி இருந்தாள்.

ஒரு சிக்கல் இருந்தது. படம் பின்லாந்து மொழி, கீழே எழுத்து பிரெஞ்சு. அக்கா இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும் பிரெஞ்சை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு வரியை முடிக்கமுன் அடுத்த வரி வந்துவிடும். ஆகவே நான்தான் காதுக்குள் சொல்ல வேண்டும்.

எனக்கு அதுதான் தொழில். பன்னிரண்டு வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அகதி விசாரணை, எங்கே எங்கள் சனம் வாய் திறக்க வேண்டுமோ அங்கே பக்கத்தில் ஒரு கதிரை போட்டு நான் இருப்பேன். இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம். சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒரு மனுசி டொக்டரிடம் தன் வருத்தத்தைத் தப்பாகச் சொல்லுகிறாள் என்று தெரிந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னதையே சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தாலும் வேலையில் இந்தச் சட்டத்தை நான் ஒருநாளும் மீறினதில்லை.

படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இருட்டான ஒரு ஊர். உயரமான ஒரு பெண் பெரிய வண்டி ஒன்றை ஓட்டித் தெருவில் கிடந்த பனியை ஒதுக்கிக்கொண்டே போகிறாள்.

அக்கா என் முழங்கையை இடித்தாள். "என்ன சொல்லுறாள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப என்ன நடக்குது?"

"பனி தள்ளுறாள்."

"உதைப் பாக்கவோ என்னை மினக்கெட்டுக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி "ஷ்" என்றார். மருமகள் கதிரைக்குள் புதைந்து போனாள்.

பிறகு கதை மெல்ல நகர்ந்தது. அந்தப் பனி வண்டிக்காரிதான் படத்தின் பெண். தகப்பன் செத்த செய்தி வருகிறது. பத்து வருடமாகப் போகாத ஊருக்கு, ஏரிக்கரையில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போகிறாள். தாய் கதவைத் திறக்கிறாள், பார்க்கிறாள், கோப்பி போடுகிறாள். இரண்டு பேரும் குடிக்கிறார்கள். பேச்சு இல்லை. அயலட்டைச் சனம் வந்து போகிறது, ஒவ்வொருவரும் அவளைக் கண்டு ஒரு நொடி நின்றுவிட்டு அப்பால் போகிறார்கள். நான் வேலையில் செய்கிற மாதிரியே அவர்கள் சொன்னதை அவர்களாகவே "நான்", "எனக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அக்கா தலையை என் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைமயிரில் வெந்தயம் போட்டுக் காய்ச்சின எண்ணெய் மணந்தது. இவ்வளவு கிட்ட நாங்கள் இருந்து எத்தனை வருடம் என்று நினைத்தேன்.

அந்த நாட்டில் சனிக்கிழமையானால் எல்லாரும் நீராவியில் குளிப்பார்களாம். மரத்தால் கட்டின சின்ன அறை, உள்ளே கல்லைச் சுட வைத்துத் தண்ணி ஊற்றுவார்கள். முதலில் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போவார்கள், பிறகு ஆண்கள். நான் இதை அக்காவுக்குச் சொல்லி முடிக்கவில்லை, அவள் கேட்டாள்:

"அப்ப இவள் எப்ப போறது?"

அதுதான் படத்திலும் கேள்வி. தாய், செத்தவீட்டுக்கு வந்த தாயின் சகோதரிகள், மச்சாள்மார் எல்லாரும் உடம்பு துடைக்கிற துவாயைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார்கள். இவளை வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இவள் கோட்டோடு வெளியே படியில் இருக்கிறாள். பனி தலையில் விழுகிறது. உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

அக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கதவு திறந்து தாய் வெளியே வந்தாள். மகளுக்குப் பக்கத்தில் படியில் இருந்தாள். மகள் ஏதோ சொன்னாள். கீழே எழுத்து வந்தது. 'குளிருது' என்ற ஒரு சொல். அவ்வளவுதான்.

நான் அக்காவின் காதுக்குள் சொன்னேன்: "நான் உங்களை ஏமாத்தேல்லை. சின்னனிலையே எனக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரேல்லை. என்னை விட்டால் உங்களுக்கும் ஆக்கள் இல்லை, உங்களை விட்டால் எனக்கும் ஒருத்தரும் இல்லை. பிறகேன் என்னை வெளியிலை வைச்சிருக்கிறியள்? நானும் உள்ளுக்கு வரவேணும் அக்கா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருட வேலையில் கூட்டாத ஆள் ஒரு சொல்லுக்கு ஐந்து வசனம் கூட்டிவிட்டேன். திரையில் தாயும் மகளும் பேசாமல் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கண்ணைச் சுருக்கித் திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அந்தப் பெட்டை இவ்வளவு கதைக்கேல்லையே," என்றாள். "வாய் ஒருக்காத்தான் திறந்தது."

"பின்லாந்துப் பாசை சுருக்கமான பாசை."

"ஓ."

அக்கா குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"தாயை ஏன் அக்கா எண்டு கூப்பிட்டவள்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்திக்கொண்டு அழுதேன். முன்வரிசைக்காரர் இந்த முறை திரும்பவில்லை. திரையில் தாய் எழுந்து உள்ளே போய் இன்னொரு துவாயை எடுத்துக்கொண்டு வந்து மகளின் மடியில் வைத்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள், கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகும் படம் ஓடியது. நான் ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

வெளியே வந்து வெளிச்சத்தில் நின்றபோது அக்காவின் கண்ணும் சிவந்துதான் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தாய் வந்த அண்டைக்கே உள்ளை கூப்பிட்டிருக்கலாம்," என்றாள். அவளுடைய கட்டடம் அங்கிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். வீட்டுக்கு வா, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று சொல்லுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. மருமகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் ரயிலேறி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் லாச்சப்பலுக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. போன் எடுத்தால், வேலை கிடக்குது என்று வைத்துவிடுவாள். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். நான் அளவுக்கு மீறிப் பேசிவிட்டேன், இருந்த தெரு உறவையும் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு திரிந்தேன். மருமகளின் சேலையைக் கூட நான் பார்க்கப் போவதில்லை என்ற நினைப்பு வந்தால் சாப்பாடு இறங்காது.

மூன்றாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் கதவு மணி அடித்தது. ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்து, கையில் ஒரு பை. ஏழு வருடத்தில் என் வீட்டுப் படி ஏறினது அதுதான் முதல் தரம். உள்ளே வந்து என் ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்தாள். "யன்னல் துடைக்கிறேல்லையே?" என்றாள். பிறகு பையில் இருந்து சாமத்திய வீட்டுக் கார்ட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

உறையில் என் பெயர். நான் எனக்கென்று தெரிந்தெடுத்த பெயர், அக்காவின் கையெழுத்தில். அதைப் பார்த்து நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். எனக்கோ முகம் கறுத்துவிட்டது. எங்கள் ஆட்களிடம் கார்ட் கொடுப்பது பிறத்தியாருக்கு. கூடப்பிறந்தவளுக்கு யார் கார்ட் கொடுப்பார்கள்? கூடப்பிறந்தவர்கள் கூடப் போய் மற்றவர்களின் வீடுகளுக்குக் கார்ட் கொடுத்துச் சொல்லுவார்கள், அதுதான் முறை. கடைசியில் என்னையும் சனத்தோடு சனமாக வந்து, சாப்பிட்டு, போகச் சொல்லுகிறாள்.

"நான் உங்களுக்குக் கார்ட் குடுத்துச் சொல்லவேண்டிய ஆளாப் போட்டன், என்ன?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "விசரி. ஆர் உனக்குச் சொல்ல வந்தது?"

"அப்ப இது என்ன?"

"எழுதிப் பாத்தனான். ஒருக்கா எழுதினால்தான் எனக்கு வாயிலை வரும் எண்டு." உறையைத் திரும்பத் தன் பக்கம் இழுத்து ஒரு தரம் வாசித்தாள், சத்தமாக. என் பெயரை அவள் சொன்னது அன்றைக்குத்தான். "மூண்டு கிழமையா வீட்டிலை சண்டை. அத்தான் கடைசியிலை, நீ செய்யிறதைச் செய், நான் குறுக்கை வரேல்லை எண்டிட்டார். மாமன் முறைக்குத் தேங்காய் உடைக்கக் கனடாவிலை இருந்து சித்தப்பான்ரை பெடியன் வாறான். நீ அந்தப் பச்சைச் சேலையைக் கட்டு. மச்சாள் வீட்டை முதல்லை சொல்லவேணும், அத்தானுக்கு இண்டைக்கு வேலை. ரெண்டு பேராப் போனால்தான் மரியாதை."

சேலையை நான் மூன்று தரம் கட்டி மூன்று தரம் அவிழ்த்தேன். மடிப்பு நிற்கவில்லை. கடைசியில் அக்காவே குந்தியிருந்து மடிப்புப் பிடித்துவிட்டாள். ஊசி குத்தும்போது, "அசையாதை" என்று சின்ன வயதில் அதட்டுகிற அதே குரலில் அதட்டினாள்.

மச்சாள் என்பது அத்தானின் மூத்த சகோதரி. பிள்ளைக்கு மாமி. அந்தப் பக்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். என்னை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது என்று ஏழு வருடத்துக்கு முதல் சொன்னதும் அவர்தான். ரயிலில் அக்கா பையில் இருந்த கார்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். நான், என்ன சொல்லி மனுசி கதவைச் சாத்தும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கதவைத் திறந்தது மச்சாள்தான்: நிலையின் மேல்சட்டம் இடிக்கிற உயரம், நரைத்த கொண்டை, சமையல் ஈரம் காயாத கை. அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை. கதவில் இருந்து கையை எடுக்கவில்லை.

"சொல்ல வந்தனாங்கள் மச்சாள்," என்றாள் அக்கா. "இது என்ரை தங்கச்சி. பிள்ளைக்குச் சித்தி."

சொல்லிவிட்டாள். பையில் இருந்து மச்சாளின் கார்டை எடுத்து ஒரு நுனியைத் தான் பிடித்து மற்ற நுனியை என் கையில் வைத்தாள். புருசனும் பெண்சாதியும் சேர்ந்து பிடித்துக் கொடுக்கிற மாதிரி, இரண்டு பேருமாக நீட்டினோம். மனுசி வாங்கினால் எங்கள் இரண்டு பேர் கையில் இருந்தும்தான் வாங்க வேண்டும், வேறு வழி இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்திருந்தார்கள்.

மச்சாள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் கார்டை வாங்கினார். உடனே பிரிக்கவில்லை. என்னைக் காலில் இருந்து தலை வரை அளந்தார்.

"ஆலாத்தி எடுக்க எனக்குச் சோடி இல்லை," என்றார் அக்காவைப் பார்த்து. "உங்கடை பக்கத்து ஆக்கள் எல்லாம் கட்டையள். போன முறை என்னோடை ஒருத்தியைச் சேத்துவிட்டு, தட்டு சரிஞ்சு திரி எல்லாம் கொட்டுண்டு போச்சு. இவ என்ரை உயரம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் எடுப்பீரோ?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு வருடம் மற்றவர்களுக்காகப் பேசிய வாய். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், மச்சாளைப் பார்த்தாள்.

"ஓம் மச்சாள்," என்றாள். "அவ எடுப்பா."